தோட்டாக்கடை மாமியின் முதல் கேள்வி

தோட்டா வாங்க வருகிறவனிடம் கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியது லைசென்ஸை. மாமி அதை இரண்டாவதாகத்தான் கேட்பார். முதலில் கேட்பது, "பின்னாலே என்ன இருக்கு?"

நான் முதன்முதலாகப் போனபோது மிகுந்த பணிவோடு திரும்பிப் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட வந்தவர்கள் கையில் தேங்காயோடு நின்றிருந்தார்கள்.

"பிள்ளையார் இருக்கார்" என்றேன்.

"அது உங்களுக்குப் பின்னாலே. நீங்க சுடப்போற பன்னிக்குப் பின்னாலே என்ன இருக்குன்னாக்கும் கேட்டேன்."

எனக்குத் தெரியவில்லை. பன்றிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். நான் இருந்தேன். அந்தக் கவலையில்தான் கடைக்கே வந்திருந்தேன்.

மாமிக்கும் எனக்கும் நாலு வயது வித்தியாசம் இருந்தால் அதிகம். இருந்தாலும் ஊரே மாமி என்றது. துப்பாக்கியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வருகிற மலையாளிகளும் மாமி என்றார்கள். அவர் பெயர் கடை லைசென்ஸில் இருந்திருக்கும். சட்டம் போட்டுச் சுவரில்தான் மாட்டியிருந்தார்கள். அதைப் படிக்கிற அளவுக்கு அந்தக் கடையில் எனக்கு ஒருநாளும் மனநிம்மதி இருந்ததில்லை. கரமனை அக்ரகாரத்திலிருந்து காலை ஒன்பதரை பஸ்ஸில் வருவார். பருத்திப் புடவை, சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. இரும்பு அலமாரியில் தோட்டாப் பெட்டிகளுக்குக் கீழ்த்தட்டில் தயிர்சாதமும் வடுமாங்காயும். முட்டை வாசனை வந்தால் மூக்கைப் பொத்துவார். ஆனால் காட்டுப்பன்றியின் இதயம் எங்கே இருக்கிறது என்பதை, சமையலறையில் உப்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்வார். "முன்னங்காலுக்கு நேரே, கீழேர்ந்து மூணுல ஒரு பங்கு மேலே. எல்லாரும் ரொம்ப உசரத்துலே தேடறா."

நான் தொழிலால் பல்செட் செய்கிறவன். கரமனை ஆற்றோரம் எனக்கு ஒரு சின்னப் பட்டறை உண்டு. போனக்காட்டு மலையடிவாரத்தில் அப்பா விட்டுப்போனது ஒரு ஏக்கர் நிலமும், முன்னூற்றுப் பதினைந்து ரைஃபிள் ஒன்றும். நிலத்தை நான் பார்த்துக்கொள்ளவில்லை, ரைஃபிளை நான் சுட்டதில்லை. இரண்டும் சமாதானமாக இருந்தன. பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட லைசென்ஸ் உள்ளவர்கள் பெயர் தரலாம் என்று பஞ்சாயத்து அறிவித்தபோது, ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் பெயரையும் கொடுத்துவிட்டேன். பட்டியலில் ஐந்தாவது. முதல் நான்கு பேர் உயிரோடு இருக்கும்வரை எனக்கு வேலை வராது என்பது கணக்கு.

நான்கு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ஒருவர் துபாய்க்குப் போய்விட்டார், ஒருவருடைய துப்பாக்கி ரிப்பேர், ஒருவர் போனை எடுக்கவில்லை. அந்த வாரத்தில்தான் என் நிலத்தை ஒட்டி மரச்சீனி என்கிற மரவள்ளி போட்டிருந்த செல்லத்துரையை ஒரு பன்றி தொடையில் கிழித்தது. செல்லத்துரையின் பெற்றோர் போனக்காட்டில் தேயிலை கிள்ளியவர்கள். எஸ்டேட் படுத்தபிறகு அவன் கீழே இறங்கி, அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, மரச்சீனியை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்தான். பதினோரு தையல். பன்றிக்கு இடதுபக்கக் கொம்புப்பல் உடைந்திருக்கிறது என்றான். உடைந்த பல் என்றதும் எனக்குத் தொழில் பாசம் ஒரு கணம் எட்டிப்பார்த்தது. "மிச்சம் ஒண்ணு முழுசா இருக்கு அண்ணே, அதாலதான் குத்துச்சு" என்றதும் பாசம் உள்ளே போய்விட்டது.

அப்படித்தான் மாமியிடம் வந்தேன். அலமாரியில் ஒரு ரைஃபிள் இருந்தது. ஏதோ பழைய எஸ்டேட் குடும்பம் விற்பதற்குக் கொடுத்திருந்த முன்னூற்று எழுபத்தைந்து மேக்னம். அதன் தோட்டா என் நடுவிரல் நீளம். ஒரு காலத்தில் காட்டெருமைக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் வைத்திருந்தது.

"மாமி, எனக்கு அது வேணும்."

"பன்னிக்கா?"

"பன்னிதான். ஆனா கொஞ்சம் பெரிய பன்னி."

"எத்தனை பெரிசு? லாரி மாதிரியா?" மாமி கண்ணாடியை மூக்கில் ஏற்றி என் வலது தோளைப் பார்த்தார். ரவிக்கை தைக்கிறவர் பார்ப்பதுபோல. "அந்தத் தோட்டா பன்னிக்குள்ளே பூந்து, அந்தாண்டை வந்து, ரப்பர் மரத்தையும் துளைச்சிண்டு, யாரோ ஒருத்தி அடுக்களையிலே போய் நிக்கும். பின்னாலே என்ன இருக்குன்னு தெரியாதுங்கறேள். அந்த அடுக்களை யாரோடது?"

செல்லத்துரையுடையதாக இருக்கலாம்.

அப்போது எதிரே யாரோ தேங்காயை ஓங்கிப் போட்டார்கள். படார். நான் கண்ணை இறுக மூடித் திறந்தேன். மாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்காய்க்கே மூடறேளே. சக்தி தோட்டாவிலே போராதுன்னா வேற வாங்கலாம். உங்க குறை கண்ணிமையிலேன்னா இருக்கு."

மாமியிடம் யாரும் கேட்டதை வாங்கிப் போனதாக நான் பார்த்ததில்லை. மிருகத்துக்குத் தோட்டா என்று மற்ற கடைக்காரர்கள் பார்ப்பார்கள். மாமி ஆளுக்குத் தோட்டா என்று பார்ப்பார், அதற்குப் பிறகு அந்த ஆள் சுடுகிற திசையில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். ரப்பர் எஸ்டேட் முதலாளி ஒருவர், கை நிறைய மோதிரம், "மாமி, உள்ளதில் வெச்சு ஏற்றவும் பவருள்ளது தா" என்று, இருப்பதிலேயே பெரியதைக் கேட்டு, மலையாளத்தில் அதட்டினார். மாமி அவரை வலது கையை மேலே தூக்கச் சொன்னார். காதளவு போனதும் அவர் முகம் சுளித்தார். "தோள்வலியாக்கும். சின்னது மதி, போதும். பெரிசு வாங்கினா முதல் வெடியிலே பன்னி ஓடும், ரெண்டாம் வெடியிலே சார் உக்காருவேள்." இன்னொருவர் பன்றி வாழையை அழித்த மறுநாளே பல்லைக் கடித்தபடி வந்தார். மாமி பெட்டியைத் திறக்கவே இல்லை. "கோபமா வந்திருக்கேள். நாளைக்கு வாங்கோ." மறுநாள் அவர் வந்து அமைதியாகப் பேசிய பிறகு இரண்டு தோட்டா கொடுத்தார். யாருக்கும் இரண்டுக்கு மேல் கொடுக்க மனசு வராது. "முதலாவது சரியா பட்டா ரெண்டாவது வேண்டாம். சரியா படலேன்னா ரெண்டாவதும் படாது. பின்னே எதுக்கு மூணாவது?" இப்படி வியாபாரம் செய்தால் கடை எப்படி நடக்கும் என்று கேட்டேன். "நடக்காது. நான் நடந்துண்டிருக்கேன்" என்றார். இன்று அந்த இடத்தில் மொபைல் உறை விற்கிறார்கள். அந்தக் கடைக்காரன் என்ன கேட்டாலும் கொடுக்கிறான்.

எனக்கு மாமி கொடுத்தது முன்னூற்றுப் பதினைந்துக்கான மென்முனைத் தோட்டாக்கள். அது உடம்புக்குள் விரிந்து அங்கேயே நின்றுவிடும், அந்தப் பக்கம் ஊர் சுற்றாது. அதையும் கையில் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ரைஃபிள் கிளப் மைதானத்துக்கு வரச் சொன்னார். நான் போனபோது மாமி குடையும் காப்பி பிளாஸ்க்குமாக எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என் ரைஃபிளை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி, முந்தானையால் மறைத்துத் தோட்டா போட்டுக் கொடுத்தார். ஒன்று வெடித்தது. இரண்டு வெடித்தது. மூன்றாவது 'டிக்' என்றது.

வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் குழல் அரையடி கீழே போய், கோவிலில் தலை குனிகிறவன் மாதிரி கும்பிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

"அது டம்மி" என்றார் மாமி. "மருந்து கிடையாது. வெடி துப்பாக்கிலேர்ந்து வரலை, கேட்டேளா. உங்களுக்குள்ளேர்ந்து வந்தது."

அந்த டம்மித் தோட்டாவை மாமியே செய்திருந்தார். பார்க்க அசல். அடியில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. அதை என்னிடம் கொடுத்து, "தினம் இதை வெச்சு வீட்டிலே பழகுங்கோ. அசலோட சேத்து வைக்காதீங்கோ" என்றார். இந்த இரண்டாவது வாக்கியம் காதில் விழுந்தது. உள்ளே போனதா என்பது வேறு.

நானும் பழகினேன். பழகியதாக நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து மாமி இரண்டு தோட்டா கொடுத்தார். நான் தைரியசாலி ஆனேன்.

அந்த விடியற்காலை செல்லத்துரையின் மரச்சீனித் தோட்டத்தில் விழுந்துகிடந்த ஒரு அயினி மரத்துக்குப் பின்னால் படுத்திருந்தேன். செல்லத்துரை இடப்பக்கம், சற்றுத் தாழ்வில், ஒரு பாறைக்குப் பின்னால். "நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கப்படாது" என்று கட்டளை போட்டிருந்தேன். வெளிச்சம் சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. மரச்சீனி இலைகள் ஆடின. பன்றி வந்தது.

லாரி இல்லை. ஆனால் ஆட்டோ.

அதற்குப் பிறகு என் கைகள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. சட்டைப்பையில் கைவிட்டு, கிடைத்ததை உள்ளே தள்ளி, தாழை அடித்து, பன்றி இடதுபக்கமாக நடக்க நடக்கக் குழலையும் அதோடு நடத்திக்கொண்டுபோய், விசையை இழுத்தேன்.

டிக்.

கண்ணைத் திறந்தபோது பன்றி இல்லை. குழல் இன்னும் இடதுபக்கம் போய், கீழே குனிந்து நின்றது. அதற்கு நேரே, பாறைக்கு மேலே, செல்லத்துரையின் வெள்ளை பனியன். பன்றியைப் பார்க்க எழுந்து நின்றிருக்கிறான்.

"என்ன அண்ணே, சுடலியா?" என்றான்.

பொட்டு பாதி அழிந்த அந்தத் தோட்டாவை வெளியே எடுத்தேன். "தோட்டா... சரியில்ல" என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

"சரியில்லாத தோட்டாவ எதுக்கு வாங்குறீங்க? நான் கரண்ட் கம்பி போடப்போறேன். இந்தத் தடவையும் மரச்சீனி போச்சுன்னா எனக்குக் கிழக்கேகோட்டையில ஹோட்டல் பாத்திரம் கழுவுறதுதான். அந்த வேலைக்கு இந்தக் கால் நிக்காது." அவன் தோட்டத்தின் ஓரமாகத்தான் பிள்ளைகள் பள்ளி பஸ்ஸுக்கு நடப்பார்கள். கரண்ட் கம்பிக்குப் பன்றி எது, பிள்ளை எது என்று தெரியாது. "பத்து நாள் பொறு" என்றேன். "பத்துன்னா பத்து" என்றான்.

அன்று பத்து மணிக்கே கடையில் நின்றேன். எதையும் சொல்லாமல் மறைக்கத் தயாராகத்தான் போனேன். மாமி, "குழல் எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன். டம்மியையும் மேஜையில் வைத்தேன். மாமி அதன் அடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். நான் இரண்டு அசல் தோட்டாவையும் அதில் வைத்தேன். அலமாரியில் வைத்துப் பூட்டினார். டம்மியின் அடியில் புதிதாகப் பொட்டு வைத்து, ஊதி உலர்த்தி, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"திட்டுங்கோ மாமி" என்றேன். திட்டினால் சுலபமாக இருந்திருக்கும்.

"திட்டறதுக்கு நான் யாரு? பாறைக்குப் பின்னாலே நின்னவர் வேறே ஒருத்தர். அவர்கிட்டே சொன்னேளா?"

"இல்லை."

"சொல்லுங்கோ. கேட்டதுக்கப்புறமும் அவர் உங்க பக்கத்திலே உக்காருவேன்னா, அவரையே கூட்டிண்டு வாங்கோ. அப்போ தோட்டா தரேன். இல்லேன்னா இந்த ஜன்மத்திலே கிடையாது."

பன்றிக்குப் பயந்தது ஒரு பயமே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடலாமா என்று பஸ்ஸில் முழுதும் யோசித்தேன். முதுகும் ஒத்துழைத்து லேசாக வலிக்கத் தொடங்கியது. ஆனால் அந்த வெள்ளை பனியன் கண்ணைவிட்டுப் போகவில்லை. வீட்டுக்குப் போய் டம்மியை எடுத்தேன். ரைஃபிள் குழலின் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சுவரில் குறிபார்த்து, விசையை இழுத்தேன். நாணயம் விழுந்தது. மறுபடி. விழுந்தது. அன்று மாலை வரை ஒரு தடவைகூட அது நிற்கவில்லை. நானும் விடவில்லை. பல்செட் கேட்டு வந்தவர்கள் பல் இல்லாமல் திரும்பிப் போனார்கள். நாலாம் நாள் நாணயம் பத்துக்கு மூன்று தடவை நின்றது. ஆறாம் நாள் பத்துக்கு எட்டு. என் மனைவி அடுக்களையிலிருந்து, "இன்னும் எத்தனை தடவை அந்தச் சுவரைக் கொல்லுவீங்க? அது சரணடைஞ்சு நாளாச்சு" என்றாள். ஏழாம் நாள் ஐம்பது தடவை இழுத்தேன். நாணயம் அசையவில்லை. நான்தான் அழுதேன்.

அன்று சாயங்காலம் செல்லத்துரையின் வீட்டுக்குப் போனேன். கம்பிச்சுருள் வாசலில் வந்து இறங்கியிருந்தது. உட்காராமலே சொன்னேன். டம்மி, கும்பிடு, பனியன், எல்லாம்.

செல்லத்துரை கேட்டான். தொடையில் தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டான். உள்ளே எட்டிப்பார்த்து, அடுக்களையில் இருந்த பெண்சாதிக்குக் கேட்டிருக்குமோ என்று பார்த்தான். பிறகு மெதுவாக, "அப்ப அது சரியில்லாத தோட்டா இல்ல" என்றான்.

"இல்ல."

"சரியில்லாத ஆளு."

"ஆமா."

"பன்னி பரவால்ல அண்ணே. அது குத்துனப்போ கண்ணத் திறந்துதான் வெச்சிருந்துச்சு."

இதைவிடப் பெரிய தோட்டா என் மேல் யாரும் சுட்டதில்லை. நான் திரும்பிப் போகாமல் நின்றேன். "ரூபாய் இப்போ விழலை செல்லத்துரை" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. துணிப்பையிலிருந்து ரைஃபிளை எடுத்து, அவன் கையாலேயே நாணயத்தை வைக்கச் சொல்லி, இருபது தடவை இழுத்துக் காட்டினேன். இருபதாவதுக்குப் பிறகு அவன் நாணயத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "நாளைக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?"

மாமி செல்லத்துரைக்கு ஸ்டூல் போட்டு, பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். என்னை நிற்கவைத்தார்.

"இவர் எல்லாம் சொன்னாரா?"

"சொன்னாங்க மாமி."

"சொன்னதுக்கப்புறமும் இவர்கூட உக்காருவேளா?"

"உக்காருவேன். பக்கத்துல இல்ல, முதுகுக்குப் பின்னால. தோளப் பிடிச்சுக்கிட்டு."

மாமி சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார், இந்தத் தடவை அவனிடம். பன்னிக்குப் பின்னாலே என்ன இருக்கு? செல்லத்துரை சொன்னான். தோட்டத்துக்குக் கிழக்கே இரண்டு ஆள் உயரத்துக்கு மண் வெட்டி எடுத்த சரிவு இருக்கிறது. அதற்கு எதிரே பலாமரத்தில் பரண் கட்டினால் சுடுவது மேலேயிருந்து கீழே, மண்ணுக்குள். "அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்று மாமி பூட்டைத் திறந்தார். "ரெண்டு மதி."

ஒன்பதாம் நாள் விடியலில் பரணில் இருந்தோம். பன்றி வந்தது. முதலில் அது நின்ற இடத்துக்குப் பின்னால் பிள்ளைகள் நடக்கும் வழி. இழுக்கவில்லை. இரண்டாவதாக நின்ற இடத்துக்குப் பின்னால் செல்லத்துரையின் ஓட்டுக்கூரை. இழுக்கவில்லை. என் தோளில் இருந்த கை ஒருமுறை அழுத்தியது. அவசரப்படுத்துகிற அழுத்தம் இல்லை. மரச்சீனி ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படுகிற சத்தம் கேட்டது. அவனுடைய மரச்சீனி. அவனும் பொறுத்தான், நானும் பொறுத்தேன். கடைசியில் அது மண்சரிவுக்கு முன்னால் போய்ப் பக்கவாட்டில் நின்றது. கீழேயிருந்து மூன்றில் ஒரு பங்கு.

வெடிச்சத்தம் எனக்குக் கேட்டதாக ஞாபகமில்லை. பன்றி முன்னங்காலை மடக்கி உட்காருவதை முழுதாகப் பார்த்தேன்.

பஞ்சாயத்து மெம்பர் வந்து, சட்டப்படி மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கச் செய்தார். செல்லத்துரை குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத்தன கறி அண்ணே" என்றான். கம்பிச்சுருளை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் மாமியின் மேஜையில் மூன்றையும் வைத்தேன். வெடித்த தோட்டாவின் காலிக்கூடு, வெடிக்காத ஒன்று, டம்மி. மாமி காலிக்கூட்டை எடுத்து அதன் அடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு?"

"திறந்திருந்தது மாமி."

எதிரே படார் என்று ஒரு தேங்காய். நான் கண்ணை இறுக மூடினேன். திறந்தபோது மாமி கூட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அதுக்கு மூடிக்கலாம், தோஷமில்லை" என்றார் மாமி, டம்மியை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டு. "அதுக்குப் பின்னாலே பிள்ளையார்னா இருக்கார். அவருக்கு ஒண்ணும் ஆகாது."